சித்தப்பாவின் ஸ்பேசரும் அடுக்களை காணலும்

வண்டி நின்றுவிட்டது.

குலசேகரம் தாண்டி, இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் நெருக்கி நிற்கிற ஒரு ஏற்றம். ஏற்றத்தின் நடுவில் ஒரு வளைவு. அந்த வளைவில்தான் பாதி ரோட்டிலும் பாதி ஓரத்திலுமாக எங்கள் சித்தப்பாவின் பழைய பெட்ரோல் வேன் நின்றது. உள்ளே சித்தி, என் அம்மா, இன்னும் நாலைந்து பெண்கள், அரிசி மூட்டை, தேங்காய், புதுப் பாத்திரங்கள், ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்து, இன்னொரு டின்னில் அச்சு முறுக்கு. என் மடியில் ஒரு ஏத்தங்குலை, நேந்திர வாழை. வீட்டில் ஏறும்போது மடியில் உட்கார்ந்த குலை, இன்னும் இறங்கவில்லை.

சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஓடிக்கொண்டிருப்பதாகவே அவர் முகம் சொன்னது.

"சித்தப்பா, வண்டி நின்னாச்சு" என்றேன்.

"நிக்கல்ல லே. செத்த நேரம் மூச்சு வாங்குது."

பின்னாலிருந்து சித்தி, "எனக்க கர்த்தாவே! இந்த மனுசனுக்க வண்டியும் மூளையும் ஒண்ணு போல நிக்குதே" என்றாள்.

சித்தப்பா சாவியைத் திருப்பினார். என்ஜின் இருமியது. மறுபடி திருப்பினார். அந்த இருமலும் இல்லை. என் சீட்டுக்கு அடியிலிருந்து பெட்ரோல் வாடையும் சூடும் ஒன்றாக மேலே வந்தன. இந்தச் சாதி வண்டியில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். மலை ஏறினால் உட்கார்ந்திருக்கிறவன் பின்பக்கம் வறுபடும். நான் ஏத்தங்காயைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அது சிப்ஸ் ஆகிவிடும் போலிருந்தது.

அப்போதுதான் என் ஃபோன் அடித்தது. ஜெனிலா.

கயிறு

ஜெனிலா சித்தப்பாவின் ஒரே மகள், என் தங்கச்சி. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவளுக்குக் கல்யாணம் முடிந்து, குலசேகரத்துக்கு மேலே மலையடிவாரத்தில் ஒரு ரப்பர்க்கார வீட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் போய்க்கொண்டிருந்தது அடுக்களை காணலுக்கு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் பெண் வீட்டார் பாத்திரம் பண்டம் பலகாரம் எல்லாம் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், பிள்ளை புழங்கப் போகிற அடுக்களையைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவோம். பார்ப்பது நாங்கள் என்றுதான் பேர். உண்மையில் அவர்கள்தான் எங்களைப் பார்ப்பார்கள். என்ன கொண்டு வந்தார்கள், எதில் வந்தார்கள் என்று.

எதில் என்பதுதான் சிக்கல்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் சிலரை ஏற்றிக்கொண்டு சபைக்கோயிலிலிருந்து மண்டபத்துக்குக் கிளம்பிய இதே வண்டி, மார்த்தாண்டம் ஜங்ஷனில், அந்த நெரிசலின் நட்ட நடுவில் நின்றுபோனது. முன்னும் பின்னும் ஹாரன். பட்டுச் சேலைக்காரிகள் இறங்கித் தள்ளினார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தாசையன், தன்னுடைய டீசல் ஜீப்பைக் கொண்டுவந்து, கயிறு கட்டி, மண்டப வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். பேண்டு வாத்தியம் வேறு சரியாக அந்நேரம் ஆரம்பித்தது.

தாசையன் மாமா நல்ல மனுஷன்தான், எந்நேரமும் மாப்பிள்ளை வீட்டில்தான் இருப்பார். ஆனால் ஒரு சிரிப்புக் கிடைத்தால் அதை லேசில் விடமாட்டார். ஜெனிலா அங்கே டீ கொண்டுவரக் கொஞ்சம் தாமதித்தால், "என்ன மக்களே, கயிறு கெட்டி இழுக்கணுமா?" என்பார். குளிக்கப் போய் நேரம் ஆனால் கயிறு. சபைக்குக் கிளம்ப நேரம் ஆனால் கயிறு. வீடே சிரிக்கும். மாமியாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாளாம்.

அடுக்களை காணலுக்கு முந்தின நாள் அவள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, எப்படியாவது வாடகைக்கு ஒரு வண்டி பிடிச்சு வாங்க. இன்னொரு மட்டம் அப்பாக்க வண்டி நின்னுதுண்ணா, எனக்க பிள்ளைக்குப் பிள்ளை வரைக்கும் இங்க கயிறுதான்" என்றாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நான் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "வாடகை வண்டியா? லே, நான் ஸ்பேசர் போட்டாச்சு."

ஸ்பேசர் என்கிற சவம்

ஐடிஐயில் நான் படித்தது பாதிதான். மீதிப் பாதியை அவர்கள் சொல்லித் தரவில்லை என்று நான் சொல்வேன். நான் போகவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். அந்த வழக்கை இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே எழுதித் தீர்த்தாயிற்று. இப்போது மார்த்தாண்டம் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பைக்கும் பார்ப்பேன். ஆகையால் ஸ்பேசரைப் பற்றிப் படித்த பாதியை வைத்துச் சொல்கிறேன்.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் பிசைந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சாமான். பழைய பெட்ரோல் வண்டிகளில் இருக்கும். டீசல் வண்டிக்குக் கிடையவே கிடையாது. இந்தக் கார்புரேட்டருக்கும் என்ஜினுக்குள் போகிற குழாய்க்கும் நடுவில் வைக்கிற கட்டைதான் ஸ்பேசர். அதை வைத்தால் கார்புரேட்டர் கொஞ்சம் உயரும், கலவைக்குச் சுழல இடம் கிடைக்கும், வண்டி பறக்கும் என்பது பேச்சு.

பந்தய வண்டி வைத்திருக்கிறவன், என்ஜினை அக்கு அக்காகக் கழற்றி இழைத்துச் செய்கிறவன், அவனுக்கு ஏதோ ஒரு துளி கூடலாம். ஏத்தங்குலையும் சித்தியும் ஏறிய வேனுக்கு ஒரு மண்ணும் கூடாது.

சித்தப்பா இதை நம்பியது ஒரு வீடியோவைப் பார்த்து. அதில் பேசியவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. அவர் பேசிய மொழி சித்தப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அது ஒன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. அது போதும் என்று சித்தப்பா ஆர்டர் போட்டுவிட்டார்.

வந்த சாமான் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பளபளவென்று அலுமினியம். மணவாட்டி மாதிரி ஜரிகைத் தாளில் சுற்றி வந்தது. யாரையும் கூப்பிடாமல், முக்கியமாக என்னைக் கூப்பிடாமல், முற்றத்தில் வைத்து அவரே மாட்டினார். மறுநாள் காலையில், மழை தூறிக்கொண்டிருக்க, ஆள் இல்லாத ரோட்டில் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"ஏறு லே. ஒரு மிதி மிதிக்கேன், பாரு."

ஏறினேன். மிதித்தார். வண்டி நன்றாகத்தான் ஓடியது. எனக்கே ஆச்சரியம்.

"வேற என்னெல்லாம் மாத்துனீங்க சித்தப்பா?"

"பெட்ரோல் ஃபில்டர் அடைச்சுக் கிடந்து. அத மாத்தினேன். ஏர் ஃபில்டர் மாத்தினேன். பிளக்கு மாத்தினேன். ஆனா அது ஒண்ணும் காரியம் இல்ல. இது ஸ்பேசருக்க இழுவையாக்கும்."

எனக்கு வந்த வெப்ராளத்துக்கும் எரிச்சலுக்கும் அளவில்லை. "சித்தப்பா, ஜங்ஷன்ல வண்டி நின்னதே அந்த ஃபில்டர் அடைச்சுத்தான். அடைப்பு போச்சு, வண்டி ஓடுது. இதுல அந்த அலுமினியத்துக்கு என்ன வேலை?"

"நீ ஐடிஐ முழுசா படிச்சியா?"

"இல்ல."

"அப்பம் பேசாம இரி."

இப்படித்தான் பேச்சு முடியும். என் படிப்பு எனக்கு உதவியதைவிட, என்னோடு மல்லுக்கு நிற்கிறவர்களுக்குத்தான் அதிகம் உதவியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சித்தப்பா கல்ஃபில் வருஷக்கணக்கில் பார்த்த வேலை, ஏசிக் குழாய்களுக்கு உறை சுற்றுவது. வெளியிலிருக்கிற சூடு உள்ளே போகாமல் தடுப்பது. அதைத்தான் செய்தார், அதில் சம்பாதித்துத்தான் வீடு கட்டினார். அப்படிப்பட்டவர், வண்டியில் கம்பெனியே வைத்து அனுப்பியிருந்த பழுப்பு நிறத் தகட்டை, "சவம், பிளாஸ்டிக் துண்டு" என்று கழற்றி எறிந்துவிட்டுத்தான் இந்த அலுமினியத்தை மாட்டியிருக்கிறார். என்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுக்கத்தான் அந்தத் தகடு. அலுமினியம் என்றால் தெரியுமே, அடுப்பில் வைத்த சட்டி. சூட்டை வாங்கி அப்படியே மேலே கொடுக்கும்.

அவர் அதை எறிந்தது எனக்கு அப்போது தெரியாது. அதைவிடப் பெரிய ஒன்றைச் செய்திருந்தார், அதுவும் தெரியாது.

வளைவில்

ஃபோனை எடுத்தேன்.

"அண்ணே, எங்க நிக்கிய?"

"குலசேகரம் தாண்டியாச்சு பிள்ளே." பொய் இல்லை. தாண்டித்தான் நின்றோம்.

"எல்லாரும் வாசல்ல வந்து நிக்காவ. தாசையன் மாமா கயிற எடுத்து ஜீப்புல போட்டாச்சு அண்ணே. கேட்டா, சும்மா கிடக்கட்டும்ங்காரு. ஒளிக்காத, சத்தியமா சொல்லு, வண்டி ஓடுதா?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். நல்லவேளை, வண்டியில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"இந்தா வந்திட்டோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பெண்கள் எல்லாரும் இறங்கி ரப்பர் மர நிழலில் நின்றார்கள். சீட்டைத் தூக்கினோம். அடியிலிருந்து அடித்த சூட்டில் சித்தப்பாவின் கண்ணாடியில் ஆவி படிந்தது. கார்புரேட்டரைத் தொட்டேன். விரலை உடனே வாயில் வைத்துக்கொண்டேன். உள்ளே பெட்ரோல் கொதிக்கிற சத்தம், கஞ்சி கொதிப்பது போல, களக் களக் என்று கேட்டது.

"பாத்தீங்களா? கொதிக்குது. உங்க அலுமினியம் சமையல் பண்ணுது."

"அது பவர் கூடுன சத்தமாக்கும்" என்றார் சித்தப்பா.

சத்தியமாக அப்படித்தான் சொன்னார். என் அம்மா சாட்சி.

சூடு ஆறட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, நட்டுகளைக் கழற்றிக் கார்புரேட்டரைத் தூக்கினேன். வரவில்லை. இழுத்தேன். பலாச் சக்கையை வெட்டும்போது கத்தியில் பிசின் இழுக்குமே, அதே மாதிரி, கார்புரேட்டரும் ஸ்பேசரும் நூல் நூலாகப் பிரிந்து வந்தன. பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று கொழகொழவென்று வழிந்தது. பெட்ரோல் வாடையும் ஷீட்டுப் புகை வாடையும் கலந்து மூக்கில் ஏறின.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயால் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"சித்தப்பா, ஸ்பேசருக்கு மேலயும் கீழயும் என்ன வச்சீங்க?"

"கேஸ்கெட்டு. காத்து கசியாம இருக்க."

"எங்க வாங்கினது?"

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "வாங்கவா? நம்ம விளையில வெட்டின ரப்பர் ஷீட்டு இருக்கும்போ எதுக்குலே வாங்கணும்? ஒண்ணாம் தரம் ஷீட்டாக்கும். கத்திரியால வெட்டி வச்சேன். காத்து போவுமா அதுல?"

எங்கள் ஊர் ரப்பர்

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கள் பக்கத்தில் எதற்கும் ரப்பர்தான். கதவு அடித்தால் ஒரு துண்டு ரப்பர். கட்டில் ஆடினால் காலுக்கடியில் ரப்பர். மிக்ஸி துள்ளினால் ரப்பர். குழாய் ஒழுகினால் ரப்பர். தண்ணீர்த் தொட்டி மூடி காற்றில் பறந்தால், அதற்கு மேலே கல்லும் கல்லுக்கு அடியில் ரப்பரும். வீட்டுக்கு வீடு புகைப்புரையில், ரப்பர் பாலை உறையவைத்து அடித்த ஷீட்டு தொங்கும்போது, ஒருத்தன் கடைக்குப் போய்க் கேஸ்கெட் வாங்கினால் அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்றுதான் சொல்வார்கள்.

எல்லாம் சரி. ஆனால் பச்சை ரப்பர் ஷீட்டைப் பெட்ரோலில் போட்டால் கரைந்து பசை ஆகும். என் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனே அந்த ரகம்தான். ரப்பர் வெட்டுகிற வீட்டில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும். சின்ன வயதில் சைக்கிள் ட்யூபுக்குச் சொல்யூஷன் காய்ச்சியதே அவர்தான், எங்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார்.

"நீங்க கார்புரேட்டருக்குள்ள பஞ்சர் கடை வச்சிருக்கீங்க சித்தப்பா. எனக்குப் போட்டியா."

அவர் அந்தக் கொழகொழப்பை விரலால் தொட்டார். முகர்ந்தார். அவர் முகத்தில் அந்தச் சைக்கிள் ட்யூப் நினைவு வந்துபோனதை நான் பார்த்தேன். விரலை வேட்டியில் துடைத்தார். பிறகு மெல்ல, "பிள்ளை வாசல்ல நிக்காளா?" என்று கேட்டார்.

"நிக்கா."

"தாசையன்?"

"கயிறோட நிக்காரு."

சித்தப்பா ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கிண்டல் செய்ய என்னிடம் இன்னும் ஒரு கூடை சரக்கு இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தப்பு செய்தவர் இப்படி உட்கார்ந்துவிட்டால் நம்முடைய நியாயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தாளிப்புக் கரண்டி

சித்திக்கு இந்த ஸ்பேசர், கேஸ்கெட் எதுவும் வேண்டாம். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். சாமான் கனம். "சாமான இறக்கி எடுத்துட்டு நடப்போம். பெண்டுவ எல்லாம் ஆளுக்கொண்ணு சுமந்தா ஏறிரலாம். கயிறு கெட்டி இழுபட்டுப் போவதுக்கு நடந்து போனா கொள்ளாம்" என்று பெட்டிகளை இழுத்து இறக்க ஆரம்பித்தாள்.

அடுக்களைப் பெட்டி ரோட்டில் இறங்கும்போது கட்டு அவிழ்ந்து வாய் பிளந்தது. சல்லடை, முறுக்கு அச்சு, தோசைக் கரண்டி, தாளிப்புக் கரண்டி. எல்லாவற்றுக்கும் நடுவில், சோப்புப் போட்டுத் தேய்த்து வைத்த ஒரு பழுப்புத் தகடு. உள்ளங்கை அகலம். நடுவில் இரண்டு பெரிய ஓட்டை. நாலு மூலையிலும் நாலு சின்ன ஓட்டை.

நான் அதைக் கையில் எடுத்தேன். காலையில் சித்தி வீட்டு அடுக்களையில் டீ குடிக்கும்போது, கொதிக்கிற தாளிப்புக் கரண்டியை இதன் மேல்தான் வைத்திருந்தாள். என் கண் முன்னாலேயே. நான் டீயையும் முறுக்கையும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"சித்தி, இது எங்க கிடைச்சு?"

"முற்றத்துல கிடந்து. இவருதான் எறிஞ்சாரு. நல்ல சாமான் மக்கா. எவ்வளவு சூடான கரண்டிய வச்சாலும் அடியில சூடே ஏறாது. மேசையில கறுப்பு விழாது. பிள்ளைக்கு அங்க உதவுமேண்ணு எடுத்து வச்சேன்."

சித்தப்பா கல்லிலிருந்து எழுந்து வந்தார். தகட்டைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். ஏசிக் குழாய்க்கு உறை சுற்றி வீடு கட்டிய மனுஷன்.

"சூடு ஏறாதா?" என்று கேட்டார்.

"ஏறாதுண்ணு சொல்லுதேன்லா."

நான் தகட்டை அவர் கையில் கொடுத்தேன். வாயால் சொல்லத்தான் ஆசை.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பாத்திரம் சுற்றியிருந்த பழைய சேலைத் துண்டைப் பெட்ரோலில் நனைத்து அந்தப் பிசினை முழுசாகத் துடைத்தோம். அந்த மெல்லிய தகட்டுக்குரிய பழைய குட்டை போல்ட்டுகள் டூல்ஸ் பெட்டியிலேயே கிடந்தன. சித்தப்பா இரும்பை எறிய மாட்டார். கேஸ்கெட்டுக்குத்தான் வழியில்லை. டாஷ்போர்டைத் திறந்தால் மிச்சமான கல்யாணக் கார்டுகள். நல்ல கனமான அட்டை.

"லே, அது எனக்க பிள்ளைக்கக் கல்யாணக் கார்டு" என்று சித்தப்பா தடுத்தார்.

"கல்யாணம் கழிஞ்சாச்சு. வெட்டு மக்கா" என்றாள் சித்தி.

வெட்டினேன். எண்ணெய் தடவி, ஒன்று கீழே, நடுவில் சித்தியின் தகடு, ஒன்று மேலே. ஒரு போல்ட் ஓட்டையில் கடுகு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் தோண்டி எடுத்தேன். சித்தப்பா சாவியைத் திருப்புமுன் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். அலுமினியத்தை மாட்டும்போது இந்த ஜெபத்தைச் செய்திருந்தால் எனக்கு வேலை மிச்சம்.

வண்டி பிடித்தது.

சாமானை ஏற்றி, பெண்களை ஏற்றி, குலை மறுபடியும் என் மடிக்கே வந்தது. ஏற ஏற, சீட்டுக்கு அடியிலிருந்து லேசாகக் கறிவேப்பிலை தாளித்த வாசனை வந்துகொண்டே இருந்தது. சித்தி எவ்வளவு தேய்த்தும் அது தகட்டை விட்டுப் போகவில்லை.

வாசலில்

மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற கடைசி ஏற்றம் மோசமான ஏற்றம். சரளைக்கல். அதன் அடியில் ஜீப்பைத் திருப்பி நிறுத்தி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தாசையன் மாமா நின்றார். எங்கள் வண்டி வருவதைப் பார்த்ததும் இரண்டு எட்டு முன்னால் வந்து கையை நீட்டினார். சித்தப்பா நிறுத்தவில்லை. ஹாரனை மட்டும் ஒரு தடவை அமுக்கிவிட்டு, அவரைத் தாண்டி, சரளையைச் சிதறடித்துக்கொண்டு நேரே ஏறி முற்றத்தில் போய் நின்றார்.

வாசலில் ஜெனிலா. நாங்கள் இறங்குமுன் அவள் பார்த்தது எங்களை இல்லை. வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தாள், கயிறு ஏதாவது தொங்குகிறதா என்று. இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிரித்தாள். ஓடிவந்து என் மடிக் குலையை வாங்கிக்கொண்டாள்.

"ஏன் அண்ணே கையெல்லாம் கரி?"

"உனக்க அம்மைக்க அடுக்களைச் சாமான் ஒண்ணு வழியில கொஞ்சம் வேலை வாங்கிட்டு" என்றேன்.

அடுக்களையைப் பார்த்தார்கள். பாத்திரம் அடுக்கினார்கள். மாமியார் முந்திரிக்கொத்தைக் கடித்துப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு பந்தி. இலை போட்டு, நண்டுக் கறி, மீன், மரச்சீனிக் கிழங்கு, சோறு. நானும் நிம்மதியாகக் கையை வைத்தேன்.

அங்கேதான் தாசையன் மாமா கேட்டார். "என்ன சம்மந்தி, அண்ணைக்கு நின்ன வண்டி இண்ணைக்கு இந்த ஏத்தத்துல சாடிக் கேறுது? என்ன பண்ணினிய?"

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தார். மனுஷன் மாறியிருப்பார் என்று நான் நம்பினேன். கல்லில் உட்கார்ந்த மனுஷன் அல்லவா?

"ஒண்ணும் இல்ல சம்மந்தி. ஸ்பேசர் மாத்தினேன். அதுக்குப் பிறகுதான் இந்த இழுவை."

எனக்குப் புரையேறிவிட்டது. மரச்சீனி மூக்கு வரைக்கும் வந்தது.

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சித்தியின் தகடும் கார்புரேட்டருக்கு நடுவில் வைக்கிற கட்டைதான். அதை மாற்றிய பிறகுதான் வண்டி ஏறியது. நான் வாயைத் திறந்தேன். எதிரில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த ஜெனிலா என்னைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். கரண்டியோடு நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நண்டு கேட்டேன். என் வாழ்க்கையில் ஒரு கிண்டலை முழுங்கி அதன் மேல் நண்டு தின்றது அந்த ஒரு தரம்தான்.

சித்தப்பா அதோடு விட்டாரா? சாப்பிட்டுக் கை கழுவியதும் வண்டியிலிருந்து அந்த அலுமினியத்தைக் கொண்டுவந்து தாசையன் மாமா கையில் கொடுத்தார். "இது பழையது. இதைவிட நல்லது ஒண்ணு இப்பம் உள்ள கிடக்கு" என்றார். தாசையன் மாமா அதைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு ஒளி வந்தது. சித்தப்பா ஃபோனில் அந்த வீடியோவைப் பார்க்கும்போது வந்த அதே ஒளி.

அந்தத் தகடு திரும்பி வருமா என்று சித்தி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். பிள்ளைக்கு என்று எடுத்து வைத்த சாமான், வண்டிக்குள் மாட்டிக்கொண்டு வீட்டுக்கே திரும்புகிறதே என்று அவளுக்கு வருத்தம். கடைசியில் நான்தான் இன்னொன்று தேடி வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வண்டிக்கு இல்லை, ஜெனிலாவின் அடுக்களைக்கு.

கொஞ்ச நாள் கழித்துக் கடையில் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தேன். ஃபோன். தாசையன் மாமா.

"மக்கா, நான் மாமாவாக்கும் பேசுது. அந்தச் சாமான் நானும் ஆர்டர் போட்டு ஒண்ணு வருத்தினேன். நல்ல பளபளப்பா வந்திருக்கு. கேஸ்கெட்டுக்கு ஷீட்டும் வெட்டி வச்சாச்சு. ஒண்ணாம் தரம். இஞ்ச பாரு, காலையில இருந்து தேடுதேன். எனக்க டீசல் ஜீப்புல இந்தக் கார்புரேட்டர் எந்த மூலையில கிடக்கு?"

நான் ட்யூபைக் கீழே வைத்தேன். என்னென்னவோ சொல்லத் தோன்றியது. அதற்குள் அந்தப் பக்கம் பின்னாலிருந்து ஜெனிலாவின் குரல், நல்ல தெளிவாக, சிரிப்பை அடக்காமல் கேட்டது.

"மாமா, கிடைக்கல்லியா? கயிறு எடுத்துட்டு வரட்டா?"

அந்த வீட்டுப் பெண்கள் மொத்தமாகச் சிரித்தார்கள். மாமியாரின் சிரிப்பும் கேட்டது, இந்தத் தடவை வாயில் முந்தானை இல்லாமல்.

"சீட்டுக்கு அடியில நல்லா பாருங்க மாமா" என்று சொல்லி நான் ஃபோனை வைத்தேன்.